ஏரியை மீட்டால் ஊர் மீளும்



சென்னைத் தெருக்களில் இருவர் சினந்து மோதிக்கொள்ளும்போது ஒருவர்மேல் ஒருவர் வீசும் வசைச்சொற்களுள் ஒன்று ‘புறம்போக்கு’ என்பது. எதற்கும் உதவாதவன், ஏனென்று கேட்க ஆளில்லாதவன் என்னும் பொருளில் அச்சொல் வீசப்படுகின்றது. வீசுவோனும் அதன் பிறப்பை அறியான்; வீசப்படுவோனும் அறியான். புறம்போக்கு என்பது வசையன்று. தனியொருவர் உரிமைக்கும் வரிக்கணக்கிற்கும் புறத்தே விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஏரியும் குளமும், மேய்ச்சல் வெளியும் மந்தையும், வாய்க்காலும் வண்டிப்பாதையும், களமும் சுடுகாடும் புறம்போக்கே. ஒருவருக்கும் தனியுரிமை இல்லை. ஆகவே எல்லார்க்கும் உரியது. ஊரின் உயிர் தங்கியிருந்த நிலத்தின் பெயர் அது.

அப்பெயர் எப்போது வசையாயிற்று? அந்நிலம் கேட்பாரற்றுப் போனபோது ஆயிற்று. சொல் தானாகத் தாழ்வதில்லை. சொல் குறித்த பொருளை மக்கள் கைவிட்டபின்னரே சொல்லும் தாழ்கின்றது. ஆகவே, மொழியை மீட்க விரும்புவோர் அம்மொழி வாழ்ந்த நிலத்தையும் நீரையும் நோக்காமல் இருத்தல் இயலாது. கலிங்கலே இல்லாத ஊரில் ‘கலிங்கல்’ என்னும் சொல்லை அகரமுதலி ஒன்றே காக்க முடியுமா? நீர் வாராத காலை எந்தக் குழந்தை ‘வரத்துக்கால்’ என்றழைக்கும்?

ஏரி என்பது பள்ளமன்று

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. வடபுலத்தார் ஏரி என்றும், பாண்டி நாட்டார் கண்மாய் என்றும், தென்கோடியினர் குளம் என்றும் வழங்குவர். சிறியனவற்றிற்குத் தாங்கல், ஏந்தல், குட்டை என்று பெயர். குடிநீருக்கென்றே காக்கப்பட்டது ஊருணி. இப்பெயர்கள் ஊர்ப்பெயர்களின் ஈறாக இன்றும் நின்று, அவ்வூர்கள் எதனால் பிறந்தன என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஏரி என்றவுடன் நீர் தேங்கிய பள்ளம் என்று எண்ணுவோர் பலர். அது பிழை. ஏரி ஓர் அமைப்பு. மழைநீர் விழும் நீர்ப்பிடிப்பு நிலம், அந்நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, அலை கரையை அரிக்காமல் காக்கும் அலைகல், நீரை வயலுக்கு விடும் மதகும் மடையும், மிகுநீரைக் கழிக்கும் கலிங்கல், கழிந்த நீரைக் கொண்டுசெல்லும் போக்குக்கால், நீர் பாயும் ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் ஒன்று கெட்டாலும் மற்றவை பயன்படா. வரத்துக்காலை மறித்து வீடு கட்டிவிட்டு, ஏரியை மட்டும் ஆழத் தோண்டினால் வெற்றுக்குழியே மிஞ்சும்.

இன்னும் ஒன்று உண்டு. ஓரூர் ஏரியின் கலிங்கல் வழிந்த நீரே அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரித்தொடர் அமைந்துள்ளது. மேலூரார் தம் கலிங்கலை உயர்த்தினால் கீழூரார் வயல் காயும். மேலூர்க் கரை உடைந்தால் கீழூரார் வீடு மூழ்கும். ஆகையால் ஏரியைக் கட்டியவர்கள் மண்ணை மட்டும் கட்டவில்லை; ஊரோடு ஊரைக் கட்டினார்கள். தாழ்ந்த நிலங்களில் நீரைத் தடுத்து நிறுத்துவோரின் பெயரே நிலைக்கும் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் எடுத்துரைத்த அறிவுரை புறநானூற்றின் 18-ஆம் பாட்டாக இன்றும் உள்ளது. அரசனிடத்துப் புலவன் கேட்டது வாளன்று, ஏரி!

ஊரார் கையில் இருந்தபோது

ஏரியை வெட்டியவன் அரசனாகவோ தலைவனாகவோ இருக்கலாம். அதனைப் பேணியவர்கள் ஊரார். உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் நெறியை அவை கூறுகின்றன. 30 குடும்புகளிலிருந்து பெயரோலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தனர். ஏரி வாரியத்திற்கென்று 6 பேர் அமர்த்தப்பட்டனர். பொறுப்புக் காலம் 360 நாள். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் பெயரோலை இடப்பெறான். அவன் உறவினரும் இடப்பெறார். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே ‘கணக்குக் காட்டு; இன்றேல் விலகு’ என்று கல்லிலே வெட்டிவைத்த ஊர் அது. ஏரி பேணுவதற்கென்றே நிலம் விடப்பட்டதும் உண்டு. அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர்.

ஆயினும், பழமை என்பதனாலேயே அனைத்தையும் போற்றுதல் அறிவுடையோர் செயலன்று. உத்தரமேரூர் பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட ஊர். அங்கே குடவோலையில் பெயர் இடப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், மறையறிவு வேண்டும். கரைக்கு மண் சுமந்தவனுக்கும், நாற்று நட்டவளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. எனவே அக்கல்வெட்டிலிருந்து இன்றைய தமிழர் கொள்ள வேண்டியது கணக்கு நேர்மையும், ஓராண்டுப் பொறுப்பும், ஊரே பொறுப்பேற்கும் நெறியுமாகும். தள்ள வேண்டியது, உழைத்தவனை வெளியே நிறுத்திய வேலியாகும். இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை.

உரிமை பறிபோன வழி

வெள்ளையர் ஆட்சியில், 1820-ஆம் ஆண்டையொட்டித் தாமசு மன்றோ சென்னை மாநிலமெங்கும் உழவர் ஒவ்வொருவரிடமும் நேரே வரி வாங்கும் முறையை நிலைநாட்டினார். தனித்தனிப் பட்டா பிறந்தது. பட்டாவுக்குள் அடங்காத பொதுநிலம் என்னாவது? அதற்கு விடையாக 1905-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டமாகிய நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. தனியார்க்கு உரியவை என்று காட்டப்பட்டவை நீங்கலாக, பொது வழிகளும், ஆறுகளும், ஏரிகளும், குளங்களும், வாய்க்கால்களும் அரசுக்கே உடைமை என்று அச்சட்டம் ஒரே வரியிற் சொல்லிவிட்டது. ஊரார் வெட்டி, ஊரார் காத்து, ஊரார் நீர் பாய்ச்சிய ஏரி ஒரு தாளின்மேல் அரசின் உடைமையாயிற்று. வெள்ளையன் வெளியேறினான்; அச்சட்டம் வெளியேறவில்லை. இன்றும் அது நடைமுறையில் உள்ளது.

உரிமையைப் பறித்தவர்கள் கடமையை மட்டும் ஊரார் தலையிலேயே விட்டுவைத்தனர். 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரிப்பணிக்கு வழக்கப்படி வரவேண்டிய ஊரார் வாரா விட்டால் ஒறுக்கப்படுவர் என்றது. அதுவரை மக்கள் தாமே கூடிச் செய்த பணி, அன்றுமுதல் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் பணியாயிற்று. அதற்கு வழங்கிய பெயரையே நோக்குக: ‘குடிமராமத்து’! ‘குடி’ தமிழ், ‘மராமத்து’ அரபு மொழியிலிருந்து வந்த அலுவற்சொல். குடிகள் செய்த பணிக்குக்கூடக் குடிகளின் மொழியில் முழுப்பெயர் இல்லாத நிலை அங்கே தொடங்கிவிட்டது. தன் பணிக்குத் தன் மொழியில் பெயரில்லாதவன் அப்பணியின் உடைமையாளனாக எங்ஙனம் நிற்பான்?

விடுதலைக்குப் பின்னும் கதை மாறவில்லை. 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரிக்கப்பட்டன. 2021-இல் நீர்வளத்துறை தனித்துறையாகப் பிரிந்தபோது பெரிய ஏரிகள் அதன்கீழ் வந்தன. ஏரி ஒரு துறையிடம். ஏரி நிலத்தின் கணக்கு வருவாய்த்துறையிடம். மீன் குத்தகை வேறோர் அலுவலகத்திடம். கரைமேல் நிற்கும் மரம் இன்னொரு துறையிடம். ஏரிக்குப் பல தலைவர்கள். தாய் ஒருத்தியும் இல்லை!

இதற்கிடையே ஆழ்துளைக் கிணறு வந்தது. 1990-ஆம் ஆண்டையொட்டி உழவர் அனைவர்க்கும் கட்டணமற்ற மின்னாற்றலும் வந்தது. மின்கட்டணத்தால் நைந்த உழவனுக்கு அது பெருந்துணை. அதனைக் குறைகூற யார்க்கும் உரிமையில்லை. ஆனால் ஒன்று நடந்தது. கிணறு தோண்டப் பணம் படைத்தவன் ஏரியை மறந்தான். அவனே ஊரில் செல்வாக்குடையவன். அவன் மறந்தபின் கரையைப் பற்றிக் கவலைப்படுவோர் குரல் அம்பலம் ஏறவில்லை. ஏரியையன்றி வேறு நீரில்லாத சிறுநில உழவன் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு நகருக்குப் புறப்பட்டான். 1960-ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் பாய்ச்சல் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஏரிநீரை நம்பியிருந்தது. இன்று அது ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. கிணற்றுக்காரன் பிழைத்தானா? அவனும் பிழைக்கவில்லை. ஏரியில் நீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும் என்னும் உண்மை, நூறடி இருநூறடியாகி, இருநூறடி ஐந்நூறடியானபோதுதான் அவனுக்கு விளங்கிற்று.

தமிழர் தம் கையால் செய்த பிழை

குற்றத்தையெல்லாம் அயலான்மேல் சுமத்திவிட்டு அமைதி கொள்ளுதல் எளிது. ஆனால் விடுதலைக்குப் பின் ஏரிகளைத் தூர்த்தவர்கள் யார்? சென்னை நுங்கம்பாக்கத்து ஏரி தூர்ந்த இடத்தில் 1976-இல் எழுந்தது வள்ளுவர் கோட்டம். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்து, நீரின்றி உலகில்லை என்று உணர்த்திய பெருமகனுக்கு, நீர் நின்ற இடத்திலே கற்றேர் நிறுத்தப்பட்டது. உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் இயங்கிவரும் இடத்தின் பெயர் உலகனேரி. அங்கு எது இருந்தது என்று அப்பெயரே வாய்திறந்து சொல்கின்றது. பேருந்து நிலையமும், அலுவலகமும், குடியிருப்பும் வேண்டும்போதெல்லாம் ‘அரசு நிலம்’ என்று ஏரியே கைக்கெட்டியது.

விளைவு என்ன? 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அதே சென்னை குடிநீருக்குக் குடங்களோடு தெருவில் நின்றது. வெள்ளமும் வறட்சியும் இருவேறு நோய்கள் அல்ல; ஏரியிழந்த ஊருக்கு வரும் ஒரே நோயின் இரு முகங்கள். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் தாளில் இருக்க, வரத்துக்கால் மண்ணுக்குள் மறைந்து கொண்டிருக்கின்றது.

மடையைத் திறந்த கை

இவற்றினும் பெரும்பிழை ஒன்று உண்டு. ஏரிக்கரையில் இரவும் பகலும் காவல் நின்று, மடையைத் திறந்து, கடைசி வயலுக்கும் நீர் சேருமாறு பார்த்தவன் நீர்க்கட்டி. பாண்டி நாட்டில் அவனுக்கு மடைக்குடும்பன் என்றும் பெயர். பெருவெள்ள இரவில் மூழ்கி மடையடைப்பை இழுத்தவன் அவன். பல ஊர்களில் அவன் ஒடுக்கப்பட்ட சேரியைச் சேர்ந்தவன். ஊர் வயலுக்கெல்லாம் நீரைப் பங்கிட்டவனுக்கு, ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமையில்லை! அறுவடையில் அவனுக்குக் கிடைத்தது சில மரக்கால் நெல். கிடைக்காதது ஒரு காணி நிலம்.

செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அவ்வாறு வழங்கப்பட்டது 12 இலக்கம் ஏக்கர் என்பர். பிறர்க்கு விற்கலாகாது என்னும் கட்டோடு வழங்கப்பட்ட அப்பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது. அந்நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994-இல் செங்கற்பட்டு மாவட்டம் காரணையில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அந்தச் சாம்பலின் அருகிருந்தே கிருட்டிணம்மாளும் செகந்நாதனும் உழைக்கத் தொடங்கினர். 1981-இல் உழுவோர்க்கு நிலவுரிமை வேண்டும் அமைப்பை நிறுவினர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, ஓர் ஏக்கர் வீதம், மகளிர் பெயரிலேயே நிலத்தைப் பெற்றுத் தந்தனர்.

இவ்வரலாற்றை மறந்துவிட்டு ‘ஊர் கூடி ஏரியை மீட்போம்’ என்று முழங்கினால், ‘எந்த ஊர்?’ என்று சேரியிலிருந்து ஒரு குரல் எழும். அக்குரல் நேர்மையானது. ஊரும் சேரியும் என்று இரண்டாகப் பிளந்து நிற்கும்வரை அதனை ஊர் என்று அழைப்பதே பொய். சாதி நீங்காத தமிழ்ப்பற்று, கரை உடைந்த ஏரியை ஒக்கும். எவ்வளவு ஊற்றினாலும் நில்லாது.

ஏரி தரும் செல்வம்

ஏரி மீண்டால் ஊரின் பொருளியல் எங்ஙனம் மீளும்? இதனைக் கணக்கறிந்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வண்டல். ஆண்டுதோறும் நீரோடு வந்து படியும் வண்டல் ஏரிக்குக் கேடு, வயலுக்கு உரம். முன்பு கோடையில் ஊர் வண்டிகள் ஏரிக்குள் இறங்கி வண்டலை அள்ளி வயலில் கொட்டும். ஏரி ஆழமாகும், வயல் கொழுக்கும், உர மூட்டைக்குப் பணம் ஊரைவிட்டு வெளியேறாது. குயவர்க்கும் மண் கிடைக்கும். இடையில், அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியே உழவன் சோர்ந்தான். 2024-இல் அரசு இதனை எளிதாக்கி, வட்டாட்சியர் நிலையிலேயே இசைவு பெற்றுக் கட்டணமின்றி வண்டல் எடுக்க வழிசெய்தது. அவ்வழியை உழவர் பயன்படுத்தாவிடின் செங்கற்சூளைக்காரனும் சாலைக்கு மண்ணடிப்பவனும் பயன்படுத்திக் கொள்வர். தூர்வாருதல் என்னும் பெயரில், நீரை நிறுத்தும் அடிமண்வரை சுரண்டப்பட்ட ஏரிகள் பல.

இரண்டாவது, மீன். மூன்றாவது, கரைமரம்: பனையும் வேம்பும் புளியும் நாட்டுக் கருவேலும். பனை ஒன்றே நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை, நார், மரம் என்று ஆறு தொழில்களை வாழவைக்கும்; தன் வேரால் கரையையும் பிடித்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, இன்று ஏரிகளை மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலை அகற்றினால் முதல் ஆண்டில் விறகு விற்ற பணம் கிடைக்கும். அப்பணத்திலேயே கரைமரக் கன்றுகளை நடலாம். நான்காவது, மேய்ச்சல்: நீர் வற்றியபின் ஏரி உள்வாயில் தழைக்கும் புல். நிலமற்ற கைம்பெண் ஒருத்தி இரண்டு ஆடுகளை வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தது அந்தப் பொதுப்புல்லை நம்பியே. ஐந்தாவது, கிணற்று ஊற்று. ஆறாவது, நெல். நெல்லை மட்டும் எண்ணுவோர் ஏரியின் பயனில் ஒரு பங்கையே எண்ணுகின்றனர். ஏழையின் பங்கு மற்ற ஐந்திலும் உள்ளது.

இவ்வரவு ஊரில் தங்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ, ஊர்மக்கள் திங்கள்தோறும் எவற்றை வெளியிலிருந்து வாங்குகின்றனர், அவற்றுள் எவற்றை ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்னும் கணக்கைத் தம் பணியின் அடிப்படையாகக் கொண்டார். நெல்லை ஊர் விளைவிக்கும். அரிசியை நகரம் விற்கும். எள்ளையும் கடலையையும் ஊர் விளைவிக்கும். எண்ணெய் உறையிட்டு வெளியிலிருந்து வரும். இடையிலுள்ள ஊதியம் ஊருக்கு வெளியே போய்விடுகின்றது. அதனைத் தடுத்து, அடுத்தடுத்த சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும் வலைப்பின்னலாக வேண்டும் என்பது அவர் கருத்து. அதே ஊரில், ஒடுக்கப்பட்ட குடும்பமும் பிற குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளாகச் சமத்துவபுரம் எழுப்பப்பட்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது. பணம் ஊரில் தங்குவதற்கு முன், மக்கள் ஓருரில் தங்க வேண்டுமன்றோ?

செய்து காட்டியவர்கள்

இவை கனவென்று எண்ணுவோர்க்கு நடந்தவையே விடை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, 1992 முதல் ஏரிதோறும் உழவர் மன்றங்களை அமைத்து வருகின்றது. அம்மன்றங்களுக்கு ‘வயலகம்’ என்று பெயர். எத்துணை இனிய தமிழ்ப்பெயர்! அலுவலகத்தில் பிறந்த ‘மராமத்து’ எங்கே. வயலில் பிறந்த ‘வயலகம்’ எங்கே! பெயர் மாறும்போது உரிமையுணர்வும் மாறுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கசா புயல் காவிரிக் கடைமடையின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. பேராவூரணிப் பகுதி இளைஞரும் உழவரும் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. தென்னை போனது, நீரையாவது மீட்போம் என்று கூடினர். 2019-இல், ஊராரும் வெளிநாடுகளில் உழைக்கும் ஊர்ப்பிள்ளைகளும் தந்த பணத்தைக்கொண்டு பெரியகுளத்தைத் தூர்வாரினர். ஒன்றில் தொடங்கிய பணி அடுத்தடுத்த ஏரிகளுக்கும் பரவிற்று. அந்நிலப்பகுதி மொய்விருந்துக்குப் பெயர்பெற்றது. ஆடித் திங்களிலும் அதனை ஒட்டியும் ஊரார் கூடி விருந்துண்டு, மொய் எழுதி, ஒருவர்க்குத் தொழில் தொடங்கப் பெருந்தொகை திரட்டித் தருவர். பெற்றவர் பிறர் விருந்தில் திருப்பி எழுதுவர். வட்டிக்கடை ஏறாமல் மூலப்பணம் திரட்டும் இம்முறை, படித்த பொருளியலார் எவரும் வகுத்ததன்று. ஒருவன் கடை வைக்க மொய் எழுதும் கை, ஊரின் ஏரிக்கு ஒரு மொய் எழுதினால் ஆகாதா?

அரசும் 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கிற்று. முதற்கட்டத்தில் 1,519 பணிகளுக்கு 100 கோடி உருபா ஒதுக்கப்பட்டது. ஒரு பணிக்குச் சற்றொப்ப ஆறரை இலக்கம். பத்தில் ஒரு பங்கை உழவர் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது நெறி. நெறி நன்று. ஆனால் உழவர் மன்றம் உயிரோடுள்ள ஊரில் ஏரி மீண்டது. மன்றம் தாளில் மட்டும் உள்ள ஊரிலோ, பணிக்குத்தகைக்காரனே உழவர் பெயரில் கையெழுத்திட்டு மண்வாரிப் பொறியை இறக்கிவிடுவான். பணம் ஏரியை மீட்காது. பணத்தைக் கேட்டு வாங்கிக் கணக்குப் பார்க்கும் ஊரே ஏரியை மீட்கும்.

இனிச் செய்ய வேண்டுவன

தமிழ்ப்பற்றுடைய இளைஞன் தன் ஊரில் நாளையே தொடங்கத்தக்க பணிகள் சில உள்ளன.

முதற்பணி அளத்தல். ஊரின் ஏரி, வரத்துக்கால், போக்குக்கால், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் புல எண்களையும் பரப்பையும் வருவாய்த்துறைப் பதிவேட்டிலிருந்து எழுதியெடுத்து, கால்நடையாக நடந்து ஒப்பிட வேண்டும். முதியோர் சிலரை உடனழைத்துச் சென்று, மடை ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டெழுத வேண்டும். அப்பெயர்கள் அகரமுதலிக்கும் செல்வம், வழக்குமன்றத்தில் சான்றுமாகும்.

இரண்டாம் பணி ஊரவை. தமிழ்நாட்டில் ஊரவைக் கூட்டம் ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்தது 2022 முதல் ஆறு முறையாக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று மார்ச்சு 22, உலக நீர் நாள். அந்நாளில் ஏரியின் எல்லையும், தடைகளும், ஆண்டு வரவுசெலவும் ஊரார் முன் படிக்கப்பட வேண்டும்; முடிவு எழுதப்பட வேண்டும். எழுதப்பட்ட முடிவை எந்த அலுவலரும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

மூன்றாம் பணி, ஏரி மன்றம். அதில் ஆயக்கட்டுக்காரன் மட்டும் அமர்ந்தால் அது மீண்டும் பழைய குடமே. நிலமற்றோர், மகளிர், சேரிமக்கள், மீன்பிடிப்போர், ஆடுமாடு மேய்ப்போர் ஆகியோர்க்குப் பாதி இடமாவது வேண்டும். மீன் வருவாயிலும் கரைமர வருவாயிலும் நிலமற்றோர்க்கு முதற்பங்கு வகுக்கப்பட வேண்டும். நிலமுடையவனுக்கு நீர் கிடைக்கின்றது. நிலமற்றவனுக்கு என்ன கிடைக்கின்றது என்னும் கேள்விக்கு விடை தராத மன்றம் ஈராண்டு நில்லாது. நீர்க்கட்டி வேலை பிறப்பால் வருவதாக இல்லாமல், திங்கட் சம்பளத்தோடு, விரும்பியவர் எவரும் ஏற்கும் வேலையாக வேண்டும்.

நான்காம் பணி, கணக்கு. வந்த பணமும் சென்ற பணமும் ஊர்ப்பொதுச் சுவரில் எழுதப்பட வேண்டும். உத்தரமேரூரார் கல்லில் வெட்டினர். இவர்கள் சுண்ணாம்பிலாவது எழுதக்கூடாதா?

ஐந்தாம் பணி, மேலூரோடும் கீழூரோடும் உடன்பாடு. ஓர் ஏரியைத் தனியே மீட்டல் இயலாது. ஏரித்தொடர் முழுதும் உள்ள ஊர்களின் மன்றங்கள் ஆண்டுக்கொருமுறை கூடிக் கலிங்கலின் உயரத்தையும் போக்குக்காலின் அகலத்தையும் உறுதிசெய்ய வேண்டும்.

ஆறாம் பணி, சட்ட மாற்றம். 1905-ஆம் ஆண்டின் அயலாட்சிச் சட்டம் ஏரியை அரசின் உடைமை என்கின்றது. ஊரவை இசையாமல் ஏரியின் ஓர் அங்குலமும் வேறு பயனுக்கு மாற்றப்படலாகாது என்னும் திருத்தம் வேண்டும். இதனைக் கேட்க வேண்டியவர்கள் ஊரார். எடுத்துச்சொல்ல வேண்டியவர்கள் தமிழுணர்வாளர்.

சொல்லும் நிலமும்

தமிழ் அன்பர்களே! தூயதமிழ் இயக்கம் என்பது அயற்சொல்லைக் களைவதோடு முடிவதன்று. களை எடுத்த வயலில் பயிர் வளர வேண்டும். அலைகல், குமிழி, தூம்பு, மடை, கலிங்கல், ஏந்தல், தாங்கல் என்னும் சொற்கள் புலவர் மனையில் பிறந்தவை அல்ல. படிப்பறியா உழவனும் உழத்தியும் சேற்றில் நின்று படைத்தவை. அச்சொற்களைப் படைத்தவனின் பேரன் இன்று திருப்பூரில் நூலாலை வாயிலிலும், சென்னையில் கட்டட வேலைச் சாரத்திலும் நிற்கின்றான். அவன் மகனுக்கு அச்சொற்களுள் ஒன்றும் தெரியாது. அயன்மொழி வந்து அச்சொற்களை அழித்தது ஒரு பங்கு. நீர் வாராமல் அச்சொற்கள் அழிந்தது மறுபங்கு.

அடுத்த மழைக்கு முன் ஒரே ஓர் ஊரில், ஊரும் சேரியும் ஒன்றாய் நின்று ஒரு வரத்துக்காலைத் திறந்துவிட்டால் போதும். மழை பெய்யும், நீர் வரும், ஏரி நிரம்பும், ஒருநாள் விடியலில் கலிங்கல் வழியும். அவ்வோசையைக் கேட்டு ஓடிவரும் சிறுவன் ‘இது என்ன?’ என்று கேட்பான். ‘கலிங்கல்’ என்று பாட்டி சொல்வாள். ‘இது யாருடையது?’ என்று அடுத்துக் கேட்பான். ‘புறம்போக்கு; எல்லாருடையதும்’ என்று அவள் தலைநிமிர்ந்து சொல்லும் நாளில் அச்சொல்லின் மேல் படிந்த வசை கழுவப்படும். அந்நாளை அண்மையாக்குவதே மண்ணின்மேல் பற்றுடையோர் கடன். மொழியின்மேல் பற்றுடையோர்க்கும் அதுவே கடன்!